திருகாணி

முன்னால் போகிறவர்களின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே நடப்பது அடைக்கலமேரிக்கு ஜெபமாலை உருட்டுகிற மாதிரி ஆகிப்போயிருந்தது. மனசு எங்கே கிடந்தாலும் விரல் மணியைத் தள்ளும். அதுபோலக் கண் தலை தலையாகத் தள்ளிக்கொண்டு போகும். புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில் வெயில் இன்னும் சூடேறவில்லை. ராத்திரி பெய்த மழையில் மஞ்சள் சுவரெல்லாம் கழுவிவிட்டதுபோல் இருந்தது, காகிதப்பூக்கள் சுவர் தாண்டித் தெருவில் உதிர்ந்து கிடந்தன, கைடு தணிகாசலம் தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு, "இது வெள்ளைக்காரங்க இருந்த தெரு, பெரிய வாய்க்காலைத் தாண்டினா தமிழாளுங்க தெரு, பார்த்துக்குங்க" என்றார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு பார்த்துக்குங்க. அவளும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். சைக்கிளில் போகிற பால்காரரின் தலை. நாயோடு நடக்கிற நரைத்த தலை. ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு குனிந்திருக்கிறவனின் கறுத்த தலை; அதில் ஒரு சுழிதான். அவளுடைய சின்ன மகன் பெலிக்ஸுக்கு உச்சியில் இரட்டைச் சுழி. பச்சைப் பிள்ளையில் குளிப்பாட்ட வந்த பெரியம்மா பார்த்துவிட்டு, "அடியே மேரி, ரெண்டு சுழிடி, ரெண்டு பொண்டாட்டிக்காரன்டி இவன்" என்று காலில் போட்டபடியே குலுங்கிச் சிரித்தாள். ஒன்றுகூட வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்று ஏன் நினைக்க வேண்டும், முடிந்துபோன காரியம் மாதிரி? எங்கேயாவது வாய்த்திருக்கும். பிள்ளைகூடப் பிறந்திருக்கும். அதற்கும் சுழி இரண்டாக இருக்கும். ஆனால் அவன் காணாமல் போய் ஏழு வருஷமாகிறதே, முடி கொட்டியிருக்குமே. அவன் அப்பா வழியில் எல்லாருக்கும் சீக்கிரமே வழுக்கை. முடி போய்விட்டால் சுழி ஏது? இல்லாத சுழியைத் தேடிக்கொண்டு அவன் பக்கத்திலேயே போய்விட்டு, இல்லை என்று திரும்பி வந்திருந்தால்? மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வழுக்கைத் தலை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்ததே, போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா, முகத்தைப் பார்க்காமலே கடந்து வந்தாளே. "அத்தை, ஓரமா வாங்க, வண்டி வருது" என்று மருமகள் ஜெனோவா முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

ரெண்டு நாள் ரிலாக்ஸாக இரும்மா என்று சொல்லித்தான் பெரியவன் கஸ்பார் கூட்டி வந்தான். பிள்ளைகளை ஜெனோவாவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, காரில் முன்சீட்டில் அவளை உட்கார வைத்து, திண்டுக்கல்லிலிருந்து அவனே ஓட்டினான். "வேளாங்கண்ணியை விட்டா நீ எங்கம்மா போயிருக்க? கடலைப் பாரு, பழைய தெருவெல்லாம் பாரு, தோப்பு, ஆறுன்னு சுத்திட்டு வருவோம்." வேளாங்கண்ணிக்குப் போனதும் வேடிக்கை பார்க்கவா, கூட்டத்தில் தலை பார்க்கத்தான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. விழுப்புரம் தாண்டினதும்தான் விஷயத்தை எடுத்தான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, "அம்மா, இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அப்பா பேரோட அவன் பேரையும் பூசைக்குக் குடுத்துருவோமா?" என்றான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே கரும்புக் காடு ஓடியது. "எனக்கு அவனுக்காக அழணும்மா. ஒரு தடவை உட்கார்ந்து அழுது முடிக்கணும். நீ விடமாட்டேங்கிற. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள சொல்லு, போதும்." அதற்குப் பிறகு பாட்டைப் போட்டுவிட்டான். அழுவதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்கிறான், நாற்பதைத் தாண்டினவன். தினமும் சாயங்காலம் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அவள் சொல்லுகிற பேர்களில் ஒரு வரிசை உண்டு. முதலில் உயிரோடு இருக்கிறவர்கள்: கஸ்பார், ஜெனோவா, பேரப்பிள்ளைகள், கடைசியாக பெலிக்ஸ், எங்கே இருந்தாலும். அப்புறம் ஒரு மூச்சு விடுவாள். அந்த மூச்சுக்கு அந்தப் பக்கம் செத்தவர்கள்: அவளுடைய புருஷன், அய்யா, அம்மா, அவர்களுக்கு நித்திய இளைப்பாற்றி. கஸ்பார் கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு பேரை மூச்சுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைக்கவேண்டும். கடைசி ஆளை முதல் ஆளாக்க வேண்டும். அவ்வளவுதான். கட்டிலில் கிடந்த பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் போடுகிற மாதிரி. புருஷன் சாகக் கிடந்தபோது வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இப்போது அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும், பெலிக்ஸ் அங்கே வந்திருக்கிறானா இல்லையா என்று. தெரிந்த ஆள் சொல்லமாட்டேன் என்கிறார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், கேட்டால்தான் பேசுவார்.

பெலிக்ஸ் போன நாளை நினைக்கக்கூடாது என்றால் அதுதான் முதலில் வரும். ஞாயிற்றுக்கிழமை. மீன்குழம்பு. கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினவன், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்தான். "சார்ஜரை மறந்துட்டேம்மா." சார்ஜரை எடுத்துக்கொண்டான். போனவன் திரும்பி வந்தால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். அவள் சொன்னாள். சொன்னாளா? உட்காருடா என்று சொன்னதாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தில் அவளுடைய குரல் இல்லை. கை மட்டும் இருக்கிறது, செம்பை நோக்கிப் போகிற கை, அதற்குள் செருப்புச் சத்தம் படியிறங்கிவிட்டது. வாய்க்குள் நினைத்ததைச் சொன்னதாக வைத்துக்கொண்டிருக்கிறாளோ? ஒரு மடக்குத் தண்ணி. அதற்குள் அந்த பஸ் போயிருக்கும், வேறு பஸ்ஸில் ஏறியிருப்பான், வேறு சீட்டில் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் வேறு ஆள். சார்ஜரை எடுத்துக்கொண்டு போனவனின் போன் அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து அணைந்தே கிடந்தது. போலீஸ்காரர்கள் தேடினார்கள், அவன் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டார்கள், வந்து சேரவில்லை என்றார்கள். அதோடு சரி.

இதே பெலிக்ஸ்தான் சின்னதில் எதையாவது தொலைத்துக்கொண்டே இருப்பான். பென்சில், குடை, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை கோயிலில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்கப்போகிற அன்றைக்கே வெள்ளைச் சட்டை. அவள் அடுப்படியிலிருந்தே, "கோடி அற்புதரே, அந்தோனியாரே, பிள்ளை அழுவுது, காட்டிக்குடுமய்யா" என்பாள். கிடைத்துவிடும். அப்படியொரு பழக்கம் அவருக்கும் அவளுக்கும். கிடைத்தால் ஒரு ரொட்டி; கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ முதலில் கை நீட்டுகிறவருக்குக் கொடுத்துவிடவேண்டும், வாக்கு தவறக்கூடாது. "ஏம்மா, அந்தோனியாரை எனக்குன்னே சம்பளத்துக்கு வச்சிருக்கியா?" என்பான் பெலிக்ஸ். தேர்த் திருவிழாவில் அவனே தொலைந்துபோனபோதும் அவரிடம்தான் அழுதாள். பேண்டு வாசிக்கிற ஒருவரின் தோளில் உட்கார்ந்துகொண்டு வாயெல்லாம் பஞ்சுமிட்டாயோடு வந்து சேர்ந்தான். அன்றைக்கு ஒரு கூடை ரொட்டி. அதனால்தான், அவன் போய் மாதக்கணக்காகியும் தகவல் இல்லாதபோது, ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு வார்த்தை சொன்னாள். அய்யா, இத்தனை காலமும் சாவிக்கும் கரண்டிக்கும் உம்மைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலைய வச்சிட்டேன். இனி எது தொலைஞ்சாலும் கேக்கமாட்டேன். இந்த ஒண்ணுதான். இவனைக் காட்டிக்குடும், ஊரே திங்க ரொட்டி குடுக்கிறேன். அன்றையிலிருந்து அது ஒருசந்திதான். வாயைக் கட்டி இறைச்சியை விடுகிற மாதிரி வாயைக் கட்டிக் கேட்பதை விட்டாள். பீரோச் சாவி தொலைந்தது. பூட்டை உடைத்தார்கள், கேட்கவில்லை. அம்மா கொடுத்த வெள்ளி ஜெபமாலை தொலைந்தது. அன்றைக்கு ராத்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு படுத்தாள், கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு மாதம் தடவிக்கொண்டு நடந்தாள். யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது. கேட்காமல் விட்டதெல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டே இருக்கிறது, ஒருநாள் அவரே தாங்கமாட்டாமல் போதுமடி என்று சொல்லிவிடுவார் என்று இருந்தாள். இருக்கிறாள்.

"அம்மா, ஏறு. அடுத்து அரிக்கமேடு" என்று கஸ்பார் கார்க் கதவைத் திறந்தான். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். ஆற்றோரத்தில் பெரிய மாந்தோப்பு, காலுக்குக் கீழே ஈரச் சருகு மெத்தை போட்டதுபோல் அமுங்கியது, நடுவில் ஒரு செங்கல் சுவர் பாதி விழுந்தும் பாதி நின்றும், அதன் மேலேயே ஆலங்கன்று வேர்விட்டு இறுக்கிப் பிடித்திருந்தது. குருமார் தங்கியிருந்த வீடாம். அவர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முந்தி இங்கே ரோமாபுரிக் கப்பல் வந்ததாம், பாசிமணி செய்து கப்பலேற்றினார்களாம். "மழை பெஞ்ச மறுநாள் வந்தா மண்ணு கரைஞ்சு பாசிமணி மேல வரும்மா. ரெண்டாயிரம் வருஷத்து மணி. இங்க ஒரு பாட்டையா கைநிறையப் பொறுக்குவாரு, பார்த்துக்குங்க. ஆனா எடுத்துட்டுப் போகக்கூடாது, சட்டம்" என்றார் கூடவே வந்திருந்த தணிகாசலம். ஜெனோவா சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து தேட ஆரம்பித்தாள். கஸ்பார், "கிடைச்சா உனக்கு மாலை கட்டிப் போடுறேன், அதுக்கப்புறம் ஜெயில்ல வந்து பார்க்கிறேன்" என்றான். அவள் சிரித்தாள். நல்ல பெண். அடைக்கலமேரிக்குக் கால் கூசியது. யாரோ ஒருத்தி தொலைத்த மணி. அவளும் குனிந்து தேடியிருப்பாள், விளக்கைக் கொண்டுவந்து தேடியிருப்பாள், கிடைக்கவில்லை என்று படுத்திருப்பாள், செத்தும் போயிருப்பாள், அவளைத் தெரிந்தவர்களும் செத்து, அந்தப் பேச்சைப் பேசினவர்களும் செத்து, அப்புறம் ஒரு மழையில் அது தானாக மேலே வருகிறது, யாருக்கும் வேண்டாத பிறகு. கிடைக்கும் என்று எல்லாரும் சொல்லுகிறார்களே, அந்தோனியாரும் கிடைக்கும் என்றுதான் இத்தனை காலமும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரோ, எப்போது என்று மட்டும் யாரும் கேட்கவில்லையோ. சேசுவே, இதென்ன நினைப்பு. ஆற்றிலிருந்து காற்று வந்தது. படகு ஒன்று கரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு கிடந்தது.

"ஐயோ!" என்று ஜெனோவா கத்தினாள். காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். கம்மலின் திருகாணி கழன்று விழுந்துவிட்டது. கம்மல் மட்டும் காதில் ஆடுகிறது. "யாரும் நகராதீங்க, மிதிச்சிராதீங்க! அம்மா கல்யாணத்துக்குப் போட்ட கம்மல்ங்க, நேத்தே லூஸா இருந்துச்சு, இறுக்கணும் இறுக்கணும்னு நினைச்சேன்." அவள் குரல் உடைந்தபோது அடைக்கலமேரியின் வாய் திறந்துகொண்டது. "கோடி அற்புதரே அந்தோனியாரே பிள்ளை அழுவுது காட்டிக்குடுமய்யா." சத்தம்கூட இல்லை, உதடு மட்டும்தான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஒருசந்தி நாளில் தெரியாமல் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கின பிறகு நாக்கில் இறைச்சி ருசி ஏறுமே, அப்படி. இல்லை அய்யா, கேட்கலை, நான் கேட்கலை, வாய் தானாச் சொல்லிட்டுது, பழைய பழக்கம், நீர் எடுத்துக்காதேயும், காதில் போட்டுக்காதேயும். ஏழு வருஷமாக வாயைக் கட்டினவள் ஒரு திருகாணிக்கா அவிழ்த்தாள்? எள்ளத்தனை திருகாணிக்கா? நகைக்கடையில் கேட்டால் வேறு போட்டுத் தருவானே. அப்போதுதான் அது தெரிந்தது. அவள் தேடவேயில்லை. இடது செருப்புக்குச் சற்று முன்னால், மழையில் கறுத்த மாவிலை ஒன்றின் குழிவில், ஒரு சொட்டுத் தண்ணிக்குப் பக்கத்தில், யாரோ தட்டில் வைத்து நீட்டியதுபோல் மின்னிக்கொண்டிருந்தது.

இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் அந்த நேரத்தில் சொல்லத் தெரியாது. கால்தான் அவளுக்கு முந்தி நினைத்தது. யாரும் பார்க்கவில்லை. தணிகாசலம் குச்சியால் சருகைக் கிளறினார், கஸ்பார் பேண்ட் முட்டியோடு சேற்றில் மண்டியிட்டுக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவள் நின்றாள். இதைக் கொடுக்காமல் இருந்துவிட்டால் இது கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் அவர் காதுக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால், இந்த ஏழு வருஷமும் அவர் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், வேறு எத்தனை தாய்மார்கள் கூப்பிடுகிறார்கள், ஆயிரம் வேலை, இன்னும் அவள் முறை வரவில்லை, அவ்வளவுதான். பெலிக்ஸ் இன்னும் தேடப்படாதவன், தேடினால் கிடைப்பவன். கொடுத்துவிட்டால்? மூச்சு விடுகிற நேரத்தில், உதட்டில் சொன்னதை, வேண்டாம் என்று சொல்வதற்குள் கொண்டுவந்து காலடியில் வைத்தவர் செவிடரில்லை. தூரத்திலும் இல்லை. ஏழு வருஷமும் இதே போலப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டிருக்கிறார், கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார். கொடுக்க முடிந்ததை உடனே கொடுப்பவர். கொடுக்க முடியாததைத்தான். அதற்கு மேல் நினைக்காதே. காலை எடுக்காதே. செருப்பின் அடியில் அது உறுத்தவில்லை, அத்தனை சின்னது. இப்படியே நின்றால் சாயங்காலமாகும், மழை வரும், மண் மூடும், ரெண்டாயிரம் வருஷம் கழித்து மேலே வந்துவிட்டுப் போகட்டுமே.

"அத்தை," என்றாள் ஜெனோவா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீங்க அந்தோனியார்ட்ட கேட்டா உடனே கிடைக்கும்னு இவங்க சொல்லுவாங்களே. ஒருவாட்டி கேளுங்களேன்." கஸ்பார் குனிந்தபடியே, "அம்மா இப்பல்லாம் கேக்கிறதில்ல ஜெனோ. தம்பி போனதுலேருந்து அவரோட பேச்சுவார்த்தை இல்ல. சாவியக்கூடக் கேக்கல, பூட்டைத்தான உடைச்சோம்" என்றான். கவனித்திருக்கிறான். கோபம் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அவள் குனிந்து அவனைப் பார்த்தாள். அவன் அவளுடைய காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தான், தலை அவளுக்கு நேர் கீழே இருந்தது. ஒற்றைச் சுழி. அதைச் சுற்றி முடி விலகித் தோல் வெளுப்பாகத் தெரிந்தது, காதோரம் நரை. இது எப்போது நரைத்தது? ஊர் ஊராக, வாய்க்கால் கரை, ஆஸ்பத்திரி, திருவிழா என்று அத்தனை தலையையும் பார்த்தாளே, இந்தத் தலையை எப்போது பார்த்தாள்? கூடவே இருந்ததால் இது தொலையவில்லை என்று விட்டுவிட்டாளா? அவன் உள்ளங்கையெல்லாம் சேறு. "விடு ஜெனோ, ஊர்ல போய் வேற போட்டுக்கலாம்" என்று அவன் எழப்போனான். அடைக்கலமேரி காலை எடுத்தாள். "இந்தா, இங்க கிடக்கு பாரு தம்பி" என்றாள்.

ஜெனோவா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "கேட்டீங்களா அத்தை? கேட்டீங்கதான?" "கேட்டேன்." "பார்த்தீங்களா, உடனே குடுத்துட்டார்!" "ஆமாம்மா. உடனே குடுத்துட்டார்." தணிகாசலம் தொப்பியைத் தூக்கி, "பாசிமணி தேட வந்து தங்கத்தை எடுத்தது நீங்கதாம்மா, பார்த்துக்குங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பார் சேற்றுக் கையைப் பேண்டிலேயே துடைத்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தான், அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாகிறது. அவர்கள் ஆற்றைப் பார்க்க நடந்தார்கள். தண்ணி நிறைந்து, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. எங்கே பார்த்தாலும் பச்சை. அழகான இடம்தான், கூட்டி வந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும். நல்ல இடம் தம்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "தம்பி, பூசைக்குப் பேரைக் குடுத்துரு" என்றாள். கஸ்பார் திரும்பவில்லை. ஒரு மாவேரின் மேல் மெதுவாக உட்கார்ந்தான். முதலில் முதுகு ஆடியது, சத்தம் அப்புறம்தான் வந்தது, சின்னதில் காய்ச்சலில் அழுவானே அந்தச் சத்தம். ஜெனோவா கம்மலைத் திருகிக்கொண்டிருந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடைக்கலமேரி அவன் உச்சியில் கையை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மூச்சு விட்டாள். அந்த மூச்சுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள்; இருட்டாக இருந்தது, பேர் மட்டும் இருந்தது.

திரும்புகிற வழியில் கஸ்பாரின் கண் வீங்கியிருந்தது. ஆனால் தோள் இறங்கி, லேசாக ஓட்டினான். "அத்தை, நல்லா இறுக்கிட்டேன், இனி விழாது" என்றாள் ஜெனோவா பின்னாலிருந்து. தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். அவள் யார் தலையையும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "பேக்கரி ஏதாச்சும் வந்தா நிறுத்துய்யா" என்றாள். "பசிக்குதாம்மா?" "இல்ல. கிடைச்சா ரொட்டி குடுக்கணும்ல. வாக்குத் தவறக்கூடாது." கஸ்பார் நிறுத்தினான். கூடை கூடையாக, ஊரே திங்க, கோயில் வாசலில் நின்று தன் கையாலேயே எடுத்து எடுத்துக் கொடுப்பதாக ஏழு வருஷமாக அவள் நினைத்து வைத்திருந்த ரொட்டியெல்லாம் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக, மேலே மினுமினுவென்று எண்ணெய் தடவி இருந்தது. வாசலில் ஒரு கிழவி அதற்குள் கையை நீட்டிவிட்டாள். கடைக்காரர், "எத்தனைம்மா?" என்றார்.

"ஒண்ணு போதும்" என்றாள். திருகாணிக்கு ஒன்று போதும்.